அப்பா மூன்று முறை ஹெட் துடைத்த பாட்டு

எங்கள் கடையில் கரகரப்பு என்பது நோய். அதற்கு வைத்தியம் பார்ப்பதுதான் எங்கள் தொழில். திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் அப்பா இந்த ஒலிபெருக்கிக் கடையைத் திறந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, தேர்தல் கூட்டம் எதுவானாலும் புனல்களையும் அம்ப்ளிபயரையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். "சத்தம் பெரிதாகப் போடுவது கெட்டித்தனம் இல்லை. ஐயர் சொல்லும் மந்திரத்தில் ஓர் எழுத்தும் உடையக்கூடாது" என்பார்.

போன மாதம் மூன்று பையன்களும் அவர்களில் ஒருவனின் அக்காவும் கடைக்கு வந்தார்கள். "அங்கிள், கிற்றார் கரகரவென்று உடைந்து கேட்க வேண்டும். உங்கள் செட் தாங்குமா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை நான் அண்ணாவாக இருந்தேன். எந்த மயிர் நரைத்தபோது அங்கிள் ஆனேன் என்று தெரியவில்லை. உப்புவெளியில் ஒரு விடுதியின் கடற்கரைப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் வாசிக்கப் போகிறார்களாம். கொப்பித் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலை நீட்டினார்கள். நான்காவதாக, அயர்லாந்தின் கிரான்பெரீஸ் இசைக்குழு பாடிய 'ஸோம்பி' இருந்தது. முப்பது வருடங்களுக்கு முன்பு அதே பெயரை எங்கள் வீட்டில் 'சோம்பி' என்று எழுதினோம்.

பெரியப்பாவின் மகன் 1990இல் ஜேர்மனிக்குப் போனவர். டோட்முண்ட் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு அழைப்புக்குத் தொலைத்தொடர்பு நிலையத்தில் அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். கடிதம் எழுத அண்ணாவுக்குப் பஞ்சி. அதனால் கசெட்டில் பேசி அனுப்புவார். தொண்ணூறு நிமிடக் கசெட்டில் எண்பது நிமிடமாவது பேச்சு இருக்கும்: பனி, ரயில், முதலாளியின் குணம், அரிசி விற்கும் கடைக்கு எத்தனை தரிப்பு என்பது வரை. மிச்ச நாடாவை வெறுமையாக அனுப்ப அவருக்கு மனம் வராது. அது பெரியம்மாவின் வளர்ப்பு. வானொலியில் அந்த நேரம் எந்தப் பாட்டு போகிறதோ அதைப் பிடித்து நிரப்பிவிடுவார்.

அந்தக் கசெட் 1995 பெப்ரவரியில் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். ஜனவரி 8ஆம் திகதி தொடங்கிய போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்களாம். முந்திய வருடமாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். உறைக்குள் இருந்த அட்டையில் அண்ணாவின் கோணல் எழுத்து: "பக்கம் பி, கடைசியில் சோம்பி. இங்கே இதுதான் முதலாம் இடம்."

அப்பா வாசித்துவிட்டு, "யாரைச் சோம்பேறி என்கிறான்? என்னையா?" என்றார்.

பெரியம்மா வீட்டு வானொலிப் பெட்டி கசெட்டைக் கடித்துத் தின்னும் பழக்கம் உடையது. அதனால் கடையில்தான் கேட்போம். அன்றைக்கும் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பெரியம்மாவை மரக் கதிரையில் இருத்திவிட்டு, அப்பா பொத்தானை அழுத்தினார். அண்ணா பேசினார். பெரியம்மா ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம் ராசா, சாப்பிட்டேன்." "இல்லை ராசா, கால் வலி பரவாயில்லை." ஸ்பீக்கர் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். பி பக்கத்தின் முடிவில், "சரி அம்மா, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணா பதிவை நிறுத்திய சத்தம் கேட்டது. உடனே மெல்லிய ஒரு கிற்றார். மழை விட்ட பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி. சில விநாடிகள்தான். அதன் மேல் சுவர் இடிந்து விழுந்தது.

அப்பா பாய்ந்து போய் நிறுத்தினார். நாடாவை வாசிக்கும் தலைதான் ஹெட். "ஹெட்டில் ஊத்தை" என்றார். லாச்சியிலிருந்து பஞ்சையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்தார். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஹெட்டை இடமிருந்து வலமாகத் துடைத்தார். பஞ்சில் கபில நிறத்தில் கொஞ்சம் ஒட்டியது. அதை எனக்குக் காட்டினார், குற்றவாளியைப் பிடித்துவிட்டவர் மாதிரி. நாடாவைச் சுற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். சொட்டுச் சொட்டாகக் கிற்றார். பிறகு அதே இடி. மறுபடியும் பஞ்சு. இந்த முறை நாடாவை இழுக்கும் றப்பர் உருளையையும் துடைத்தார். மறுபடியும் இடி. மூன்றாம் முறை ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார். இடி கொஞ்சம் கூர்மையானது, அவ்வளவுதான்.

"ஜேர்மன்காரனின் அம்ப்ளிபயரே பழுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கைகளைத் துடைத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் அது பழுதேதான். ஓர் அம்ப்ளிபயருக்கு அதன் மின்சாரம் கொடுக்கும் அளவுக்குத்தான் உயர முடியும். அதற்கு மேல் தூக்கச் சொன்னால், ஒலி அலையின் உருண்டைத் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். கடல் அலையின் உச்சியைப் பலகையால் சீவிவிட்டது போல. வெட்டுப்பட்ட இடத்தில், முதலில் இல்லாத மேல்சுரங்கள் புதிதாக முளைக்கும். காதுக்கு அதுதான் கரகரப்பு. எங்கள் புனலுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் டயபிரம் மெல்லியது. இப்படி வெட்டுப்பட்ட அலையை அரை மணி நேரம் கொடுத்தால் அதன் சுருள் கருகிவிடும். அப்பா பெட்டி பெட்டியாக டயபிரம் மாற்றியிருக்கிறார். அந்த வெட்டைக் காசு கொடுத்து, பெடல் வாங்கி, காலால் மிதித்து வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்கு ஹெட் துடைத்துவிட்டிருப்பார்.

எனக்கும் அன்று அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பாட்டின் நடுவில் அது அடங்கி மறுபடி சொட்டத் தொடங்கிய இடம்தான் பிடித்தது. கிற்றாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டங்களான கோட்டுகள் நாலே நாலு, பாட்டு முழுக்க அதே சுற்று. பிற்காலத்தில் கிற்றார் பழக உட்கார்ந்தபோது ஒரு பின்னேரத்தில் கைக்கு வந்துவிட்டது. எளிமையான பாட்டு. கெட்டித்தனம் காட்டுகிற எதுவும் அதில் இல்லை. மெல்லச் சொல்வதும் பிறகு கத்துவதும் என்று இரண்டே வேலைதான் செய்கிறது, இரண்டையும் முழுதாகச் செய்கிறது.

பெரியம்மா கேட்டது அதையெல்லாம் இல்லை. மூன்று முறை துடைத்துத் திரும்பத் திரும்பப் போட்டதில் அவரும் மூன்று முறை கேட்டுவிட்டார். பாடுகிற பெண் ஒரு சொல்லின் முடிவில் தொண்டையை உடைத்து மேலே தாவுவாள். வேண்டுமென்றே ஒரு படி தவறி ஏறுவது போன்ற சத்தம். அந்த இடத்தில் பெரியம்மா நிமிர்ந்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாதவர். "இந்தப் பிள்ளை யாருக்காக அழுகிறது?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. நாடாவும் அதற்கு மேல் சொல்லவில்லை. கத்தலின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், பக்கம் முடிந்து டக்கென்று பொத்தான் மேலே எழும்பியது. பல வருடங்களுக்கு எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது.

ஏப்ரல் 19ஆம் திகதி விடியும் முன்பு துறைமுகப் பக்கம் வெடித்தது. இரண்டு கடற்படைப் பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட்டன என்பது காலையில்தான் தெரிந்தது. நூறு நாள் போர்நிறுத்தம் அன்றோடு முடிந்தது. எனக்கு நினைவிருப்பது வெடிச் சத்தம் அல்ல. அடுத்த நாள் கடையைத் திறந்தபோது கண்ணாடி அலுமாரிக்குள் டயபிரம் பெட்டிகள் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றதுதான்.

அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று எனக்கு முதலில் சொன்னவர் என் ஆங்கில ரியூசன் ஆசிரியர். குழுவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அயர்லாந்தைப் பற்றி எல்லாம் தெரியும். நான் கசெட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "1916 என்று சொல்கிறாள், கவனித்தாயா?" பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக டப்ளினில் ஈஸ்டர் வாரத்தில் நடந்த எழுச்சியை அன்று முழுக்கச் சொன்னார். ஆறு நாளில் அடக்கினார்கள். தலைவர்களை ஒவ்வொருவராகச் சுட்டார்கள். கொனொலி என்பவருக்குக் காயத்தால் நிற்க முடியவில்லை, கதிரையில் கட்டிவைத்துச் சுட்டார்கள். "அப்படிப்பட்டவர்களை இந்தப் பெண் ஸோம்பி, அதாவது நடைபிணம் என்கிறாள். யாரைத் திட்டும் பாட்டு என்று தெரிந்துதான் கேட்கிறாயா?"

பதினைந்து வயதில் என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒரு பதில் இருக்கிறது. அவர் இல்லை. 1916இல் செத்தவர்களை அவள் திட்டவில்லை ஐயா. அந்த வருடத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கடைத்தெருவின் குப்பைத் தொட்டிக்குள் குண்டு வைத்தவர்களைத்தான் கேட்கிறாள்.

அந்தக் கடைத்தெரு இங்கிலாந்தின் வொரிங்டன் நகரில் இருக்கிறது. இதையெல்லாம் இணையக் கடைகள் வந்த பிறகுதான் படித்தேன். 1993 மார்ச் 20, சனிக்கிழமை. மறுநாள் அங்கே அன்னையர் தினம். கடைத்தெருவில் கூட்டம். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. குப்பைத் தொட்டிகளுக்குள் வைத்த இரண்டு குண்டுகளில் ஒரு மூன்று வயதுப் பையன் அங்கேயே செத்தான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஐந்து நாள் கழித்துச் செத்தான். கிரான்பெரீஸ் குழுவின் பாடகி டொலோரஸ் ஓ'ரியோர்டன் அப்போது இருபத்தொரு வயதுப் பெண். லிமெரிக் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். குழுவோடு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தபோது இந்தச் செய்தி கிடைத்தது. அவர் தனியே உட்கார்ந்து எழுதிய பாட்டு இது. அதற்கு முன்பு அந்தக் குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை மென்மையான காதல் பாட்டுகள். இதைத் தனிப்பாட்டாக வெளியிடப் பதிவு நிறுவனம் தயங்கியது. அவர் விடவில்லை. 1994 செப்டெம்பரில் வெளியானது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஓகஸ்ட் 31ஆம் திகதிதான், ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்திருந்தது. அங்கே அது 1996 பெப்ரவரிவரை தாங்கியது. பாட்டு ஜேர்மனியிலும் பிரான்சிலும் அவுஸ்திரேலியாவிலும் முதலாம் இடம், பிரித்தானியாவில் பதினான்காம் இடம். அண்ணா அட்டையில் எழுதியது பொய் இல்லை.

அந்தப் பாட்டில் எனக்கு ஒரு வரியோடு கணக்கு இருக்கிறது. இதைச் செய்தது நானும் இல்லை, என் குடும்பமும் இல்லை என்ற பொருளில் வரும் வரி. ரியூசன் ஆசிரியர் அதைக் கோழைத்தனம் என்றார். தன் பெயரால் பிள்ளைகளைக் கொல்லாதே என்று சொல்லும் துணிச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பலர். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அந்த வரியைச் சொல்லாத வீடு இல்லை. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, அதைத்தான் சொன்னோம். நாங்கள் இல்லை, எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அதைச் சொல்லும்போது குரல் எப்படி உடையும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் என் ஆச்சரியம்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "இரண்டு பிள்ளைகளுக்காகப் பெரியம்மா, குண்டில் போன இரண்டு சின்னப் பிள்ளைகள்." "அதுதானே" என்றார். கேள்வி கேட்டு ஏழெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. பதிலுக்குக் காத்திருந்தவர் போலவே சொன்னார். அயர்லாந்திலும் ஒரு காலத்தில் இழவு வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீனிங் என்று பெயர் என்று படித்திருந்தேன். அதையும் சொன்னேன். "எல்லா ஊரிலும் சாகிறார்கள், பிறகென்ன" என்றார்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை எங்கள் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் இந்தப் பாட்டைக் கேட்கவில்லை. அதைப் பற்றி இங்கே மேலும் எழுதப்போவதில்லை.

திரும்பக் கேட்டது 2018 ஜனவரியில். 15ஆம் திகதி லண்டனில் ஓ'ரியோர்டன் இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. வேறொரு குழு இதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்திருந்தது. அதில் அவரும் பாடுவதாக இருந்தது. அன்றுதான் பாட வேண்டிய நாள். வொரிங்டனில் இறந்த பன்னிரண்டு வயதுப் பையனின் தகப்பனுக்குத் தன் மகன் நினைவாக எழுதிய பாட்டு அது என்பது அந்த வாரம்தான் தெரிந்ததாம். இருபத்து மூன்று வருடங்கள் உலகம் முழுக்க ஒலித்த பாட்டு. அந்த இரவு கைபேசியில் காதுக்குழாய் மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டேன். என் கசெட் முடிந்த இடத்தைத் தாண்டி நிறைய இருக்கிறது. கடைசியில் குரல் ஓய்ந்துவிடுகிறது. கிற்றார்கள் மட்டும் நெடுநேரம் போகின்றன.

பையன்களின் கதைக்கு வருகிறேன். விடுதியில் மாலை நாலு மணிக்குச் செட்டைப் பூட்டினேன். சோதனைக்கு இந்தப் பாட்டையே எடுத்தார்கள். பெடலை மிதித்ததும் மிக்ஸரில் சிவப்பு விளக்கு மின்னியது. என் கை தானாகப் போய் அளவைக் குறைத்தது. பையன் நிமிர்ந்து பார்த்தான். ஏற்றினேன். மறுபடி சிவப்பு, மறுபடி கை. மூன்றாம் முறை, "அங்கிள், பிளீஸ்" என்றான். பெடலில் உடைத்துவிட்டு மிக்ஸருக்கு அளவாக அனுப்பினால் ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியாததா? தெரியும். அப்பாவின் கைக்குத் தெரியாது. அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

பாடிய பிள்ளை சின்ன வயதிலிருந்து சங்கீதம் படித்தவள். சுருதி நூல் பிடித்த மாதிரி நின்றது. ஆனால் அந்தத் தாவல் வரவில்லை. உடைய வேண்டிய இடத்தில் அழகான ஒரு கமகம் விழுந்தது. பல்லவியில் வந்தால் கைதட்டலாம், இங்கே சரிப்படவில்லை. "பிள்ளை, செத்த வீட்டில் ஆச்சிமார் அழுவதைக் கேட்டிருக்கிறீர்களா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அன்றிரவு மூன்று இடங்களில் ஓர் இடத்தில் வந்தது. போதும். வெள்ளைக்காரர்கள் கூடச் சேர்ந்து கத்தினார்கள். 2023இல் பாரிஸ் ரக்பி மைதானத்தில் அயர்லாந்து ரசிகர்கள் வென்ற மகிழ்ச்சியில் இதைப் பாடிய காணொளியைப் பார்த்தபோது, இழவுப் பாட்டை வெற்றிப் பாட்டாக்குகிறார்களே என்று எரிச்சல் வந்தது. அன்று கடற்கரையில் அந்த எரிச்சல் வரவில்லை. வாடகையை முழுதாக எண்ணித் தந்த வாடிக்கையாளர்களிடம் எரிச்சல் எப்படி வரும்?

பெடலை என் வயர் பெட்டிக்குள் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு முறை தொலைபேசியில் சொன்னேன், இன்னும் வந்து எடுக்கவில்லை. சிகரெட் பெட்டி அளவு, செம்மஞ்சள் நிறம், ஒன்பது வோல்ட் பற்றரி. நேற்று இரவு கடையைச் சாத்தப்போன நேரத்தில், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் அப்பாவின் பழைய மைக்கை எடுத்தேன். வாய்ப்பக்க வலை நசுங்கிய, கனத்த மைக். அதன் ஜாக்கைப் பெடலில் செருகி, பெடலை அம்ப்ளிபயரில் செருகி, பெருவிரலால் அழுத்திவிட்டு, அப்பா ஒவ்வொரு திருவிழாவிலும் சொல்லும் அதே சொற்களைச் சொன்னேன்.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன்று, இரண்டு, மூன்று."

பக்கத்துத் தையல் கடை நானா ஊசி நூலோடு ஓடி வந்து கதவிடுக்கால் தலையை நீட்டினார்.

"தம்பி, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா?"